சிம்மர்: அடுப்பிலும் மனசிலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலச் சமையல் குறிப்புகளைத் தமிழாக்கத் தொடங்கிய நாளிலிருந்து என்னை அதிகம் நிறுத்தி யோசிக்கவைத்த வினைச்சொல் 'சிம்மர்'. இந்த வாரம் அது ஆட்டுக்கறி சூப்பில் வரும். அடுத்த வாரம் ஒரு சிறுகதையில் வரும். அங்கே அடுப்பே இருக்காது, இரண்டு வருஷமாக அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு தம்பி இருப்பான். இரண்டு இடத்திலும் 'கொதித்தது' என்று எழுதிவிட்டு நகர்கிறவர்கள் நிறைய. நானும் அப்படி எழுதியவன்தான், அதன் பலனையும் பார்த்தவன். ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளும் மொழிபெயர்க்கிற நண்பர்களும் இந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே பதிலோடு தருகிறேன்.

சிம்மர் என்றால் தமிழில் ஒரே வார்த்தையில் என்ன?

ஒரே வார்த்தை கிடையாது. தேடி அலையவும் வேண்டாம். சமையலில் அது, குழம்போ சூப்போ பாலோ தளதளவென்று கொதிக்காமல், கொதிக்கு ஒரு படி கீழே, மெல்லக் கொதித்தபடி இருப்பது. 'சிறுதீயில் மெல்லக் கொதிக்க விடவும்' என்று எழுதினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். மனிதருக்கு வரும்போது, கோபமோ மனத்தாங்கலோ வெடித்து வெளியே வராமல் உள்ளேயே சூடு ஆறாமல் கிடப்பது. சூடு இருக்க வேண்டும், பொங்கியிருக்கக் கூடாது, கொஞ்ச நேரமாவது அந்த நிலையிலேயே நீடிக்க வேண்டும். எந்த வாக்கியத்தில் பார்த்தாலும் இவை சேர்ந்தே இருக்கும்.

நாம் வீட்டில் 'சிம்ல வை' என்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?

பிறந்த இடம் ஒன்று, வளர்ந்த இடம் வேறு. நம் ஊர் கேஸ் அடுப்புத் திருகுகள் பலவற்றில் 'ஆஃப்', 'ஹை', 'சிம்' என்று அச்சிட்டிருக்கும். அந்த 'சிம்' சிம்மரின் முதல் துண்டு. ஆங்கிலமே தெரியாத பாட்டிகூட 'சிம்' என்று சொல்லக் காரணம் அந்தத் திருகுதான்.

ஆனால் நம் வாயில் அது தீயின் அளவைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ஆங்கிலத்தில் அது தீயைப் பற்றிய சொல்லே இல்லை. பாத்திரத்துக்குள் இருக்கும் திரவத்தின் நிலையைச் சொல்வது. அடை வார்க்கும்போது 'கல்லை சிம்ல வை' என்கிறோம். தமிழில் அது முழுக்கச் சரி. ஆங்கிலத்தில் தோசைக்கல் சிம்மர் ஆகவே ஆகாது, அதில் சிம்மர் ஆக ஒன்றும் இல்லை. 'கீப் இட் இன் சிம்' என்று இந்தியாவுக்கு வெளியே உள்ளவருக்கு எழுதினால் அவர் செல்போன் அட்டையைத்தான் நினைப்பார். தீயைச் சொல்ல வேண்டுமானால் 'டர்ன் த ஹீட் டவுன் டு லோ', திரவத்தைச் சொல்ல வேண்டுமானால் 'லெட் இட் சிம்மர்'.

இந்த வேறுபாடு சமையலிலேயே கைகொடுக்கும். சின்னக் கிண்ணத்தில் அரை டம்ளர் தண்ணீரைப் பெரிய பர்னரில் சிம்மில் வைத்தாலும் அது தளதளவென்று கொதித்துவிடும். கல்யாண வீட்டு அண்டாவில் நாற்பது லிட்டர் சாம்பாரை முழுத்தீயில் வைத்தாலும் வெகுநேரம் அது சிம்மரைத் தாண்டாது. ஆகவே ஆங்கிலக் குறிப்பில் சிம்மர் என்று கண்டால் திருகைப் பார்க்காதீர்கள், பாத்திரத்தைப் பாருங்கள்.

சரியாக எத்தனை டிகிரி?

கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. சிம்மர் என்பதைச் சமையல்காரர்கள் ஏறத்தாழ 85 முதல் 96 வரை வைத்துச் சொல்வார்கள். அதற்கும் கீழே, குமிழே அதிகம் வராமல் முட்டையையோ மீனையோ வேகவைப்பதற்கு 'போச்' என்று தனிச் சொல் உண்டு.

எண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். சென்னையில் சிம்மர் என்று சொல்லும் அதே சூடு ஊட்டியில் முழுக்கொதி. அங்கே பருப்பு வேகத் தாமதமாவதும் அதனால்தான்.

கண்ணால் பார்ப்பதே நல்ல வழி. முதலில் பாத்திரத்தின் அடியிலும் ஓரத்திலும் ஊசிமுனை போன்ற குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு ஓரத்தில் மாலை கோத்தது போலக் குமிழ் வரும், நடு இன்னும் அசையாது. அதற்குப் பிறகு அங்கொன்று இங்கொன்றாகக் குமிழ் மேலே வந்து உடையும், ஆவி மெல்ல எழும். சிம்மர் இதுதான். குமிழ்கள் இடைவெளியே இல்லாமல் எழுந்து மேற்பரப்பு முழுவதும் புரளத் தொடங்கிவிட்டால் அது 'பாயில்'.

'பிரிங் டு எ சிம்மர்', 'சிம்மர் ஃபார் ட்வென்டி மினிட்ஸ்' – இரண்டும் ஒன்றா?

இல்லை. இந்த இடத்தில்தான் தமிழாக்கங்கள் அதிகம் தடுமாறுகின்றன. முதலாவது, அந்த நிலைக்குக் கொண்டுவா என்பது. இரண்டாவது, அந்த நிலையிலேயே இருபது நிமிஷம் வைத்திரு என்பது.

முதலாவதை நம் சமையலறைக்குச் சொல்லித்தரவே வேண்டாம். 'ரசம் நுரை கூடி வந்ததும் இறக்கிடு' என்கிறோமே, அதுதான். மோர்க்குழம்பும் அப்படித்தான், கொதித்தால் திரிந்துவிடும். திருநெல்வேலியில் என் பெரியம்மா சொதி என்ற தேங்காய்ப்பால் குழம்பு வைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காய்கள் இரண்டாம் பாலில் வெந்திருக்கும். கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றிவிட்டு, கரண்டியைக் கையிலிருந்து கீழே வைக்காமல் கலக்கிக்கொண்டே இருப்பார். பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளையாகச் சின்ன நுரை ஒதுங்கும். அந்த நொடியில் என் அக்காவைப் பார்த்து, 'ஏட்டி, கொதிக்க விட்டுராத, நொரச்சு வருது பாரு, எறக்கு எறக்கு' என்பார். யாழ்ப்பாணத்துச் சொதிக்கும் இதே பக்குவம். தேங்காய்ப்பால் கொதித்தால் எண்ணெய் தனியாகவும் நீர் தனியாகவும் பிரிந்துவிடும் என்பதே காரணம்.

இரண்டாவது வகையில்தான் நான் தவறு செய்தேன். எலும்போடு கூடிய ஆட்டுக்கறியை 'சிம்மர் ஃபார் டூ அவர்ஸ்' என்றிருந்த ஒரு குறிப்பை 'இரண்டு மணி நேரம் கொதிக்க விடவும்' என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துச் சமைத்த ஒரு அம்மா போன் செய்தார். 'தம்பி, தண்ணி வத்தி அடி பிடிச்சிருச்சுப்பா. மிச்சம் இருக்கிற கறியும் நார் நாராப் போச்சு' என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கறி போன வருத்தம் மட்டும் இருந்தது. அதன் பிறகு அந்தச் சொல்லை நான் அவசரமாகக் கடந்ததில்லை.

கறி ஏன் அப்படி ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கால், கழுத்து போன்ற பகுதிகளின் இணைப்புத்திசுவில் கொலாஜன் என்ற புரதம் நிறைய உண்டு. மிதமான சூட்டில் நெடுநேரம் இருந்தால் அது ஜெலட்டினாக இளகும். ஆட்டுக்கால் சூப் உதட்டில் ஒட்டுவது அதனால்தான். பெருங்கொதியில் கொலாஜன் இளகும்போதே தசைநார் சுருங்கிச் சாற்றைப் பிழிந்துவிடும். குமிழ்கள் புரட்டிப் போடுவதில் கொழுப்பு பொடிப்பொடியாக நீரோடு கலந்து சூப்பும் கலங்கிவிடும். தெளிந்த சூப் வேண்டுமென்றால் சிம்மர்தான் வழி.

எல்லாவற்றையும் சிம்மரிலேயே வேகவைத்தால் நல்லதுதானே?

ராஜ்மாவை மட்டும் வேண்டாம். சிவப்பு ராஜ்மாவில் வயிற்றைப் புரட்டும் ஒரு நச்சுப் புரதம் உண்டு. மெல்லிய சூட்டில் அது அழியாது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே தீயைக் குறைக்க வேண்டும். பிரஷர் குக்கரில் சூடு 120 டிகிரியை நெருங்குவதால் அங்கே இந்தக் கவலை இல்லை.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இது 'சிம்பர்' என்று இருந்தது. 1650கள் வாக்கில் 'சிம்மர்' ஆனது. அசட்டுச் சிரிப்பு சிரிப்பதற்கு இன்றும் ஆங்கிலத்தில் 'சிம்பர்' என்ற சொல் இருக்கிறது. அதற்கும் இதற்கும் உறவில்லை என்பதே சொல்லாராய்ச்சியாளர்கள் கருத்து.

ஓசையைக் கேட்டுப் பிறந்த சொல்லாக இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது, ஏனென்றால் அந்த ஓசையை நீங்களே கேட்கலாம். தண்ணீர் கொதிப்பதற்குச் சற்று முன் பாத்திரம் 'ஸ்ஸ்ம்ம்' என்று முனகும். அடியில் உருவாகும் நீராவிக் குமிழ், மேலே இருக்கும் சூடு குறைந்த நீருக்குள் ஏறும்போது அப்படியே நசுங்கிப்போகிறது. ஆயிரக்கணக்கான குமிழ்கள் நசுங்கும் சத்தம் அது. முழுக்கொதி வந்ததும் குமிழ்கள் நசுங்காமல் மேலே வந்துவிடுவதால் அந்த முனகல் அடங்கிவிடும். ஆக, சத்தம் போடுவது கொதிக்காத தண்ணீர்தான். மனிதர்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் இதே நிலையை 'ஃப்ரேமிர்' என்பார்கள், நடுங்குதல் என்று பொருள். அவர்கள் நீரின் மேற்பரப்பைப் பார்த்திருக்கிறார்கள்.

மனித உணர்ச்சிக்கு எப்போது வந்தது? 'பாயில்' என்றால் கோபம், 'சிம்மர்' என்றாலும் கோபம், என்ன வித்தியாசம்?

18ஆம் நூற்றாண்டிலேயே உணர்ச்சிக்கு வந்துவிட்டது. வித்தியாசம் அளவில் மட்டும் இல்லை, காலத்திலும் இருக்கிறது. 'ஹி பாயில்ட் ஓவர்' என்றால் அந்த நிமிஷம் பொங்கிவிட்டான், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. 'ஹி சிம்மர்ட்' என்றால் பொங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டான், உப்பைக் கேட்டு வாங்கினான், ஆனால் சூடு இறங்கவில்லை. கதையில் இந்தச் சொல் வந்தால் எழுத்தாளர் வரப்போகிற வெடிப்புக்கு நம்மைக் காத்திருக்கவைக்கிறார் என்று அர்த்தம். அங்கே 'கோபத்தில் கொதித்தான்' என்று எழுதினால் அவர் பத்துப் பக்கம் தள்ளி வைத்திருக்கும் சண்டையை நாம் முன்கூட்டியே நடத்திவிடுகிறோம்.

இதே குடும்பத்தில் 'சீத்' என்று ஒன்று இருக்கிறதே?

அது சிம்மரைவிடச் சூடானது. உள்ளே கொந்தளிப்பு, மேலே மூடி நடுங்குகிறது. அதுவும் பழைய சமையல் சொல்தான். 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியத்தில், வெள்ளாட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலே சமைக்கக் கூடாது என்ற கட்டளையில் 'சமைத்தல்' என்பதற்கு 'சீத்' என்றுதான் இருக்கிறது. இன்று எந்த ஆங்கிலச் சமையலறையிலும் யாரும் எதையும் சீத் செய்வதில்லை. கோபம் மட்டும்தான் மிச்சம். அதன் பழைய இறந்தகால எச்சமான 'சாடன்' நனைந்து சொதசொதத்துப் போனது என்ற பொருளில் தனியாகப் பிழைத்துக்கிடக்கிறது. அடுப்பை விட்டுப்போன சொல் அது. சிம்மர் இரண்டு வீட்டிலும் குடியிருக்கிறது.

'ஸ்டூ' என்றால் தன் கவலையிலேயே தான் வெந்துகொண்டிருப்பது. அதில் கோபத்தைவிட நோவு அதிகம்.

சரி, மனசில் நடக்கும் சிம்மரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நான் சொல்ல வந்ததே இதைத்தான். நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை, நிறைய இருக்கிறது. எதைப் போடுவது என்பது ஆளையும் இடத்தையும் பொறுத்தது.

முதலில் 'புழுங்குதல்'. இது அசல் சமையல் சொல். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்தால் புழுங்கல் அரிசி. சித்திரை மாதம் காற்றே இல்லாத ராத்திரியில் 'என்னா புழுக்கம்' என்கிறோம். வெளியே சொல்ல முடியாத வேதனையில் ஒருத்தி 'மனசுக்குள்ளேயே புழுங்குகிறாள்'. மூன்றிலும் நடப்பது ஒன்றுதான்: வெப்பம் இருக்கிறது, வெளியே போக வழி இல்லை. ஆங்கிலச் சொல்லைப் போலவே அடுப்பிலும் மனசிலும் ஒரே நேரத்தில் வாழும் தமிழ்ச் சொல் இது. மொழிபெயர்ப்புகளில் இதை இவ்வளவு அரிதாகப் பார்ப்பது எனக்கு ஆற்றாமைதான்.

'பொருமுதல்' கொஞ்சம் வேறு. வயிறு பொருமுவது போல உள்ளே உப்பிக்கொண்டு வருவது. பொருமுகிறவர் முழுக்க மௌனமாக இருக்க மாட்டார். பாத்திரத்தை நங்கென்று வைப்பார், தனக்குத்தானே ஏதாவது சொல்லிக்கொள்வார். 'பெரியவனுக்கு மட்டும் நெலத்த எழுதி வச்சிட்டாருன்னு சின்னவன் பொருமிக்கிட்டே திரியுறான்' என்பதில் இருக்கும் சிம்மருக்கு வேறு எந்தச் சொல்லும் பொருந்தாது.

'குமுறுதல்' இன்னும் பெரிது. அடிப்படையில் அதுவும் ஓசைச் சொல்; இடியும் கடலும் எரிமலையும் குமுறும். ஒரு தொழிற்சாலைத் தொழிலாளர் எல்லாரும் சேர்ந்து சகித்துக்கொண்டிருப்பதற்குக் குமுறல் பொருந்தும். தனி ஒருவர் ஒரு சின்ன விஷயத்துக்கு முகம் சுளித்துக்கொண்டிருப்பதற்குப் போட்டால் சட்டை பெரிதாகிவிடும்.

'நீறு பூத்த நெருப்பு' எல்லாருக்கும் பிடித்த தொடர். ஆனால் அது சாம்பல் மூடிய தணல். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சிம்மரில் ஒன்றிரண்டு குமிழாவது மேலே தெரியும். யாருக்குமே தெரியாத பகைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். இத்தனையும் பொங்கிவிட்டால் 'முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது', 'பொரிந்து தள்ளிவிட்டார்' என்றெல்லாம் வாணலிக்கே போய்விடுகிறோம், அது வேறு கட்டம்.

செய்தியில் 'சிம்மரிங் டென்ஷன்ஸ்' என்று வந்தால்?

'கொதிக்கும் பதற்றம்' என்று எழுதுகிறார்கள். பதற்றம் தமிழில் கொதிக்காது. நிலவும், அதிகரிக்கும், தணியும். இரண்டு தரப்புக்கு இடையே என்றால் 'புகைச்சல்' போல ஒரு சொல் கிடைக்காது. 'ரெண்டு ஊருக்கும் ரொம்ப நாளாவே புகைச்சல்' என்று டீக்கடையில் சொல்வதை அப்படியே செய்தித் தமிழாக்கி 'இரு நாடுகளுக்கும் இடையே நீண்டகாலமாகப் புகைந்துகொண்டிருந்த பகை' என்று எழுதலாம். ஆங்கிலம் தண்ணீரைப் பார்த்த இடத்தில் தமிழ் விறகைப் பார்த்திருக்கிறது. விறகடுப்பில் ஊதிச் சமைத்தவர்களுக்குத் தெரியும், புகைவது எப்போது வேண்டுமானாலும் பற்றிக்கொள்ளும்.

'இரத்தம் கொதிக்கிறது' என்று எழுதலாமா?

'மை பிளட் பாயில்ஸ்' என்பதற்கு எழுதலாம், நம் வழக்கிலும் உண்டு. சிம்மருக்குக் கூடாது. 'இரத்தக் கொதிப்பு' என்று பெயர்ச்சொல்லாக்கியும் விடாதீர்கள். அவருக்கு மாத்திரை வாங்கிவரப் போய்விடுவார்கள்.

சிம்மர் என்றால் உள்ளே கொதிப்பது. ஆனால் 'சிம்மர் டவுன்' என்றால் அமைதியாகு. எப்படி?

நல்ல கேள்வி, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டது. எங்கிருந்து பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம். குளிர்ந்த தண்ணீரிலிருந்து பார்த்தால் சிம்மர் சூடு. பொங்கி வழியும் பாத்திரத்திலிருந்து பார்த்தால் அதுவே தணிவு. 19ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்த இந்தத் தொடர் இரண்டாவது பக்கத்திலிருந்து பேசுகிறது. நம் திருகையே பாருங்கள்: ஆஃபிலிருந்து திருப்பினால் முதலில் வருவது ஹை, அதையும் தாண்டித் திருப்பினால்தான் சிம்.

தமிழில் 'கொஞ்சம் அடங்கு', 'சும்மா இரு', 'ஆத்திரப்படாதே'. ஆங்கிலத்தில் இது பெரியவர் சிறியவருக்குச் சொல்வது. கூச்சல் போடும் வகுப்பைப் பார்த்து ஆசிரியர் சொல்வார். மேலதிகாரியிடம் சொன்னால் வேலைக்கு ஆபத்து. அந்த இடத்தில் நாம் 'கொஞ்சம் பொறுங்கண்ணே', 'விடுங்க சித்தப்பா, பேசிக்கலாம்' என்போம். அதற்கு ஆங்கிலத்தில் சிம்மர் உதவாது.

'லெட் த ஐடியா சிம்மர்' – இதில் கோபம் இல்லையே?

இல்லை. யோசனையை உடனே பரிமாறாமல் மெல்ல வேகவிடு என்று பொருள். தமிழில் யோசனை வேகாது, ஊறும். 'ரெண்டு நாள் மனசுல ஊறட்டும்' என்றால் அச்சு அசலாக அதே கருத்து. ஆங்கிலேயர் சூப்பை வைத்துச் சொன்னதை நாம் அரிசி ஊறவைத்தும் ஊறுகாய் போட்டும் சொல்கிறோம். 'ஆறப்போடுவது' வேறு, அதில் சூட்டைக் குறைக்கிறோம்.

'பேக் பர்னர்' என்பதும் இதோடு சேர்ந்ததா?

நெருங்கிய சொந்தம். அமெரிக்க அடுப்புகளில் முன்வரிசை பர்னரில் உடனடி வேலை நடக்கும். அவசரமில்லாத பாத்திரம் பின்வரிசையில் மெல்லச் சிம்மர் ஆகிக்கிடக்கும். இங்கிலாந்தில் பழைய பண்ணைவீடுகளில் 'ஆகா' என்ற கனத்த இரும்படுப்பு இருக்கும். நோபல் பரிசு பெற்ற ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர் குஸ்தாவ் டாலேன் 1922இல் உருவாக்கியது அது. டாலேன் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வெடிவிபத்தில் பார்வை இழந்தவர். அந்த அடுப்பின் பழைய வகைகளில் தீயைக் கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது. கொதிக்க ஒரு தகடு, சிம்மருக்கு ஒரு தகடு. பாத்திரத்தைத்தான் நகர்த்த வேண்டும்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் பழைய வீட்டுக் கொடியடுப்பு ஞாபகம் வந்தது. பெரிய அடுப்பில் விறகு எரியும். அதன் அனல் ஒரு துளை வழியாகப் பக்கத்து அடுப்புக்கு வரும். பருப்பு வெந்துகொண்டிருக்க, வைத்து முடித்த வத்தக்குழம்பு கொடியடுப்பில் எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை உட்கார்ந்திருக்கும்.

'புட் ஆன் த பேக் பர்னர்' என்பதை 'கிடப்பில் போட்டார்கள்' என்று எழுதுவது வழக்கம். கிடப்பில் போட்டது குளிர்ந்துபோகும், தூசி படியும். பேக் பர்னரில் வைத்தது இன்னும் சூடாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் முன்னால் எடுக்கலாம். 'இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்' என்பது அதற்கு நெருக்கம்.

இலக்கணத்தில் கவனிக்க ஏதாவது?

'ஐ சிம்மர்ட் த சாஸ்', 'த சாஸ் சிம்மர்ட்' இரண்டும் சரி. தமிழில் கொதி, கொதிக்கவை, காய், காய்ச்சு, வற்று, வற்றவை என்று தன்வினை பிறவினையைப் பிரித்தே ஆக வேண்டும். உணர்ச்சியில் மட்டும் ஆங்கிலமும் தன்வினையோடு நிறுத்திக்கொள்ளும். 'ஹி சிம்மர்ட் ஹிஸ் ப்ரதர்' என்றால் அண்ணனைச் சூப்பு வைத்ததாக ஆகிவிடும்.

பழைய ஸ்காட்லாந்துப் பாட்டில் 'சிம்மர்' வருகிறது, பொருளே ஒட்டவில்லை.

ஸ்காட் மொழியில் கோடைக்காலத்துக்கே பெயர் 'சிம்மர்'. ஷெட்லாந்துத் தீவுகளில் ஜூன் மாத நள்ளிரவிலும் முழு இருட்டு வராது. அந்த மங்கல் வெளிச்சத்தை 'சிம்மர் டிம்' என்பார்கள். அடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மற்ற சமையல் வினைகள்?

சுருக்கமாக: 'இட் பாயில்ஸ் டவுன் டு' என்பதற்குச் 'சுண்டக் காய்ச்சிச் சொன்னால்'. 'ரோஸ்ட்' செய்தார் என்றால் 'வறுத்தெடுத்துவிட்டார்'. 'கிரில்' செய்தார்கள் என்றால் 'துருவித் துருவிக் கேட்டார்கள்'. ஆங்கிலத்தார் நெருப்பில் வாட்டுவதை நாம் தேங்காய்த் துருவலில் முடித்துவிட்டோம்.

திருப்பிக் கேட்கிறேன்: 'அவள் மனசுக்குள்ளேயே புழுங்குகிறாள்' என்பதை ஆங்கிலத்தில் 'ஷீ இஸ் சிம்மரிங்' என்று எழுதிவிடலாமா?

ஏன் புழுங்குகிறாள் என்று முதலில் பாருங்கள். நாத்தனார் சபையில் அவமானப்படுத்திவிட்டாள், திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால் சிம்மரிங் சரி. ஆனால் புழுக்கத்தில் துக்கமும் அடங்கும். வெளியூர் போன மகனிடமிருந்து நாலு மாதமாகத் தகவல் இல்லை, வீட்டில் யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் ஒரு தாய் புழுங்குகிறாள் என்றால், சிம்மர் அங்கே தப்பு. படிக்கிற ஆங்கிலேயர் அவள் மகன்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். ஆங்கில சிம்மரில் கண்ணீர் கிடையாது. அந்த வாக்கியத்துக்கு நான் இன்னும் அடுப்படியிலிருந்து ஒரு ஆங்கிலச் சொல் கண்டுபிடிக்கவில்லை. 'இட் வாஸ் ஈட்டிங் அட் ஹெர்' என்று எழுதிவைத்திருக்கிறேன்.